அன்னா மாணியின் ஆய்வேட்டை மறுபடியும் திறந்து பாருங்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் முத்திரை பதித்த பட்டச் சான்றிதழ் ஒன்று என் வீட்டு பீரோவில் இருக்கிறது. என் மாணவிகளின் வீடுகளில் இன்னும் பல நூறு இருக்கும். ஆகவே இதை வெளியாள் ஒருத்தி எழுதிய கடிதமாக நினைக்க வேண்டாம். வீட்டுப் பெண் கூடத்தில் நின்று கேட்கும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இதுதான். 1945 ஆகஸ்டில் அன்னா மாணி என்ற இளம் இயற்பியலாளர் முனைவர் பட்டத்துக்காக உங்களிடம் ஓர் ஆய்வேட்டை ஒப்படைத்தார். நீங்கள் பட்டம் தரவில்லை. அந்த ஆய்வேட்டை மறுபடியும் எடுங்கள். தேர்வாளர்களிடம் கொடுங்கள். தகுதியிருந்தால் பட்டத்தை வழங்குங்கள். பெண் அறிஞர்களை வளாகத்தில் நினைவுகூர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சிலை, கட்டடத்துக்குப் பெயர், அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றுதான் யோசனைகள் வருகின்றன. அவையெல்லாம் நடக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கடன்பட்டவர் மாலை வாங்கிக்கொண்டு வருவது என்ன மரியாதை?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்த மடல் உங்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அன்னா மாணி. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக் கம்மல் கொடுத்தார்கள். சிறுமி அதை மறுத்துவிட்டுக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிற்பாடு அவர் ஆராய்ந்தது வைரங்களைத்தான் என்பதால் இந்தக் கதையை எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மாணவிகள் சிரிப்பார்கள். யாராவது ஒருத்தி மட்டும் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அவர் இயற்பியல் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். சேப்பாக்கத்தில் உங்கள் வாசலிலிருந்து கடற்கரைச் சாலையில் நடந்து போகும் தூரம். 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அது நீங்கள் கொடுத்த பட்டம். 1940-இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, சர் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வைப் பற்றி ஆராய்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள். ஒவ்வொன்றையும் கடுங்குளிரில் வைத்து, அது உமிழும் மங்கலான ஒளியின் நிறமாலையைப் புகைப்படத் தட்டில் பதிய வைக்க வேண்டும். ஒரு பதிவுக்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் பிடித்தது. கருவியை விட்டு அகல முடியாத இரவுகளில் ஆய்வகத்திலேயே தூங்கியிருக்கிறார். நிறமாலைமானியோடு வேலை செய்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். பத்தொன்பதாவது மணியில் தட்டு கெட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

1942-க்கும் 1945-க்கும் இடையில் தன் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். பேராசிரியரின் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டவை அல்ல. இன்று முனைவர் பட்டத்துக்கு எத்தனை கட்டுரை வேண்டும் என்று நீங்கள் வகுத்திருக்கும் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்நாளில் இந்திய அறிவியல் கழகத்துக்குத் தானே பட்டம் வழங்கும் உரிமை இல்லை. அங்கே ஆராய்ந்தவர்கள் ஆய்வேட்டை ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அன்னா மாணி தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே அனுப்பினார். அவரிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டப்பட்டது. ஆனர்ஸில் தேறியதும், அதன் பேரில் உதவித்தொகை பெற்றதும், ஐந்து கட்டுரைகளும் அந்த ஒரு வரிக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. ஆய்வேடு தவறானது என்றோ தரம் போதாது என்றோ மறுக்கப்படவில்லை. படியேறி வந்தவரின் கையில் ஒரு காகிதம் குறைந்தது. அவ்வளவுதான்.

விதி விதிதானே என்று யாராவது சொல்லக்கூடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேர்வுத்துறை வேலையும் பார்த்திருக்கிறேன் என்பதால் விதியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்த நாள் வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். இந்த மரியாதை எனக்கு எங்கே ஆட்டம் கண்டது என்றால், உங்கள் சொந்த வரலாற்றைப் படித்தபோதுதான்.

1913-ஆம் ஆண்டு. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர். இளங்கலைக்கு முன்படியான எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். முதுகலை இருக்கட்டும், இளங்கலையே இல்லை. அவருக்கு ஆய்வு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்ற பேச்சு உங்கள் ஆட்சிக்குழுவுக்கு வந்தது. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே உதவித்தொகை என்ற விதி அப்போதும் குறுக்கே நின்றது. உங்கள் முன்னோர் கூடிப் பேசினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதுதானே பல்கலைக்கழகத்தின் வேலை என்று வழி கண்டார்கள். 1913 மே முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் வழங்கினார்கள். சீனிவாச ராமானுஜன் அப்படித்தான் உங்கள் ஆய்வு மாணவரானார்.

அது நீங்கள் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று. அந்தப் பெருமையை நான் கொஞ்சமும் குறைக்க மாட்டேன். இன்று உங்கள் கணித உயராய்வு நிறுவனமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் ராமானுஜனுக்கு வளைந்த அதே விதி, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில் படித்த ஒரு பெண்ணுக்கு முன்னால் இரும்புத் தூணாக நின்றுவிட்டது. குறைந்தது இருவருக்கும் ஒரே காகிதம்தான். ராமானுஜனுக்கோ அதற்கும் கீழே இருந்த இரண்டு காகிதங்கள்கூட இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ராமானுஜனுக்காக 1913 பிப்ரவரியில் உங்கள் பதிவாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் கில்பர்ட் வாக்கர். அவர் அப்போது இந்திய வானிலைத் துறையின் தலைவர். துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து, மறுநாளே கடிதம் எழுதினார். நீங்கள் பட்டம் தர மறுத்த பெண்ணை வாங்கிக்கொண்டதும் அதே வானிலைத் துறைதான். அன்னா மாணி 1945-இல் உதவித்தொகையில் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கே வானிலைக் கருவிகளில் பயிற்சி பெற்று, 1948-இல் திரும்பிப் புணேயில் வேலையில் சேர்ந்தார். வெப்பமானியும் காற்றழுத்தமானியும்கூடக் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. சுமார் நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே செய்ய வைத்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பின்னும் சும்மா இருக்கவில்லை, காற்றின் வேகத்தை அளந்து தொகுத்தார். இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கும்போது, எந்த இடத்தில் எவ்வளவு காற்று அடிக்கும் என்று கணக்கு வைத்த தலைமுறை ஒன்று இருந்தது என்பதும் நினைவுக்கு வர வேண்டும்.

உங்களில் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: அவரே அதைப் பொருட்படுத்தவில்லையே, நீ ஏன் கிளறுகிறாய்? உண்மைதான். பட்டம் கிடைக்காததால் தன் வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை என்றே அவர் பின்னாளில் சொன்னார். கசப்பை வைத்துக்கொள்ளும் ஆள் அவர் இல்லை. அவருடைய குருவான ராமனே ஆய்வேடு எழுதி முனைவரானவர் அல்லர். ஆனால் கடன் கொடுத்தவர் பெருந்தன்மையாக மறந்துவிட்டார் என்றால், வாங்கியவரின் கணக்குப் புத்தகத்தில் அது தீர்ந்துபோகுமா? அன்னா மாணிக்கு 2001-இல் உயிர் போய்விட்டது. பட்டத்தால் அவருக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகப்போவது உங்களுக்குத்தான். பிறகு, இன்றும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று ஆய்வுப் பிரிவுகளின் ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் பெண்களுக்கு.

கௌரவ முனைவர் பட்டம் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் கௌரவ முனைவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அவர் கேட்டது கௌரவம் அல்ல, மதிப்பீடு. அந்த ஆய்வேடு காணாமல் போய்விடவில்லை. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில், அதே ஆய்வகத்திலிருந்து வந்த மற்ற ஆய்வேடுகளைப் போலவே கட்டப்பட்டு அலமாரியில் இருக்கிறது. நகலெடுத்து வந்து, இரண்டு மூன்று தேர்வாளர்களிடம் முறைப்படி கொடுங்கள். 1945-இல் அந்தத் துறை எங்கே இருந்ததோ அதை வைத்து அவர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும். வாய்மொழித் தேர்வை மட்டும் விட்டுவிடலாம்.

முன்மாதிரி இல்லையே என்பீர்கள். எடின்பரோவைப் பாருங்கள். 1869-இல் ஏழு பெண்கள் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். மாணவர் கூட்டம் அவர்கள் மேல் சேற்றை வாரி இறைத்தது. 1873-இல் நீதிமன்றம், அவர்களுக்குப் பட்டம் தர வேண்டியதில்லை என்று பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், அதே பல்கலைக்கழகம் ஏழு பேருக்கும் மறைவுக்குப் பின் பட்டம் வழங்கியது. அப்போது அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஏழு மாணவிகள் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். அது கௌரவப் பட்டம்தான், எடின்பரோவில் மதிப்பிட ஆய்வேடு எதுவும் இல்லை. உங்களுக்கு அந்தக் குறையும் கிடையாது.

எடின்பரோவை நான் உங்களுக்கு எடுத்துக்காட்டுவதே ஒரு வகையில் தலைகீழான காரியம். அங்கே கதவு சாத்தப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் இங்கே படித்துத் தேறிய பிறகுதான் இலண்டன் போய்ப் பட்டம் வாங்கினார். பெண்களுக்கு இடம் கொடுப்பதில் இந்த நகரம் சீமைக்கு முந்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பழைய பெருமை பேச எங்களுக்கும் பிடிக்கும். பேசுவதற்கு வாய் கூசாமல் இருந்தால் இன்னும் பிடிக்கும்.

அன்னா மாணியோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. மதுரவாயலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு மதுரவாயல் என்றால் சென்னைக்காரர்களுக்குப் புறவழிச்சாலையும் போக்குவரத்து நெரிசலும்தான் ஞாபகம் வரும். அங்கே உங்கள் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வகம் இருக்கிறது. தாவரவியலாளர் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரி 7 அன்று கடைசி மூச்சு விட்டது அங்கேதான். அப்போது வயது எண்பத்தாறு. அதுவரை வேலை செய்துகொண்டிருந்தார்.

தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிவியல் முனைவர் ஆனார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்தில், போர்க்காலக் குண்டுவீச்சுக்கு நடுவில், மரபியலாளர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்களையெல்லாம் தொகுத்த நூலை 1945-இல் கொண்டுவந்தார். அங்கே ஒரு மக்னோலியா வகை இன்றும் அவர் பெயரில் பூக்கிறது. நேரு அழைத்ததன் பேரில் 1951-இல் திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1970-இல் உங்களிடம் வந்து சேர்ந்தபோது வயது எழுபத்து மூன்று. எண்பதைக் கடந்த பிறகும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் வரவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்ததோடு, அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் கிளம்பினார். அவர் இறந்த அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவருக்குச் சிலை வேண்டாம். மதுரவாயலில் அவர் வளர்த்த மருந்துச் செடிகளின் வகைகளை வைத்து ஒரு தோட்டம் போடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், குரோமோசோம் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். தண்ணீர் ஊற்ற ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லா நினைவகங்களும் முதலில் மறக்கின்றன.

சிலைகளைப் பற்றி எனக்கு ஏன் இத்தனை சலிப்பு என்று கேட்டால், கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த பத்துச் சிலைகளில் பெண்கள் இரண்டு பேர், ஔவையாரும் கண்ணகியும். உங்கள் செனட் ஹவுஸ் பக்கம் போனால் விக்டோரியா மகாராணி வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு புலவர், ஒரு காப்பியத் தலைவி, ஒரு பேரரசி. சம்பளத்துக்கு வேலை பார்த்து, விடைத்தாள் திருத்தி, ஆய்வகத்தில் கண்விழித்த பெண் அந்த வரிசையில் எங்கே பொருந்துவாள்? பீடத்தில் ஏற்றினால் அவளும் இன்னொரு கண்ணகி ஆகிவிடுவாள், பறவைகள் உட்காரும். நான் வேலை பார்த்த கல்லூரியில் மகளிர் தினத்தன்று ஒரு பெண் விஞ்ஞானியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கோலப்போட்டி நடத்துவோம். நானே இரண்டு முறை நடுவராக இருந்திருக்கிறேன். படத்தில் இருப்பவர் என்ன கண்டுபிடித்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அதனால்தான் பெயரை மட்டும் எழுதாமல் நடந்ததை எழுதி வையுங்கள் என்கிறேன். சேப்பாக்கத்தில் எல்லோரும் நடந்து போகும் ஒரு சுவரில், நல்ல தமிழில், கூச்சமில்லாமல். ராமானுஜனுக்கு 1913-இல் என்ன செய்தோம் என்பதும், அன்னா மாணிக்கு 1945-இல் என்ன செய்தோம் என்பதும் ஒரே கல்வெட்டில் அடுத்தடுத்து இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு பட்டச் சான்றிதழின் நகலையும் வைக்கலாம். கிண்டி பொறியியல் கல்லூரி அப்போது உங்களோடு இணைந்திருந்தது. அங்கே ஏ. லலிதா, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று மூன்று பெண்கள் படித்துத் தேறியபோது, அச்சிட்டுத் தயாராக இருந்த சான்றிதழ்களில் ஆண்பாலுக்குரிய ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். லலிதா பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளில் வேலை பார்த்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்தால் ஒரு மாணவிக்குப் புரிவது, பத்துச் சொற்பொழிவு கேட்டாலும் புரியாது.

உங்கள் முத்திரையில் இருக்கும் லத்தீன் வாசகத்தின் பொருள், கல்வி ஒருவருக்குள் இயல்பாக இருக்கும் ஆற்றலை வளர்க்கிறது என்பது. அழகான வாசகம். எம்.எஸ்சி. இருந்தால் மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இந்த மடலை ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்க வேண்டுகிறேன். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். 1945-இல் சொன்ன காரணத்தையே மறுபடியும் சொல்வதென்றாலும் சரி, அதுவும் பதிவாக இருக்கட்டும். செய்யலாம் என்று முடிவானால், பெங்களூர் நூலகத்துக்கு எழுதி அனுமதி வாங்குவது மட்டும் உங்கள் வேலை. நகலெடுத்து வர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பிவிடுவேன். டிக்கெட் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் பட்டதாரி ஒருத்தி,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, சென்னை